பைண்டிங் கடைப் பையன் படித்த இயற்பியல்: மைக்கேல் ஃபாரடேயின் நோட்டுப் புத்தகங்கள்

எஸ்.பி.எம். தேர்வுக்கு இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு ஃபாரடே என்பது ஒரு விதியின் பெயர். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை எவ்வளவு வேகமாக நுழைக்கிறோமோ அவ்வளவு அதிகமாக மின்னழுத்தம் தூண்டப்படும் என்று படிவம் 5 மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் பெரும்பாலோருக்கு அது மறந்தும் போகிறது.

அந்த விதிக்குப் பெயர் தந்த மனிதர் பள்ளியில் கற்றது எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் மட்டுமே. பல்கலைக்கழக வாசலை மாணவராக மிதித்ததே இல்லை. இளவயதிலிருந்தே தமக்கு ஞாபகசக்தி போதாது என்று கவலைப்பட்டவர். படித்தது நினைவில் நிற்கவில்லையே என்று அழும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கும் இக்காலத்தில், மறதிக்காரரான மைக்கேல் ஃபாரடே எப்படிப் படித்தார் என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22ஆம் தேதி, இன்று லண்டனின் தென்பகுதியாக இருக்கும் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். உடல்நலம் குன்றியதால் பல நாள் அவரால் பட்டறைக்குப் போக முடியவில்லை. 1801இல் தானிய விலை கடுமையாக ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்திற்கு ஒரு ரொட்டி எனப் பங்கு வைக்கப்பட்டது. அதை ஏழு நாளுக்கும் வைத்துச் சாப்பிட வேண்டும்.

பள்ளி வாழ்க்கையும் இனிமையாக இல்லை. ரகர எழுத்து அவர் நாவில் வராதாம். அண்ணன் ராபர்ட்டின் பெயரையே சரியாகச் சொல்ல முடியாத தம்பியை அடிக்க, பிரம்பு வாங்கி வரும்படி அந்த அண்ணனிடமே ஆசிரியை காசு கொடுத்தாராம். அண்ணன் காசை வீசி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடித் தாயிடம் சொல்ல, தாய் இரு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. பின்னாளில் லண்டனிலேயே மிகச் சிறந்த அறிவியல் பேச்சாளர் என்று பெயர் எடுத்தவரின் தொடக்கம் இது.

புத்தகம் கட்டிய கை

1804இல் பிளான்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் நாளிதழை எல்லாராலும் விலைக்கு வாங்க முடியாது. கடைக்காரர் வாடகைக்குக் கொடுப்பார். காலையில் கொண்டுபோய்க் கொடுப்பதும், வாசித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டில் சேர்ப்பதும் பையனின் வேலை. மறு ஆண்டு ரீபோ அவரை ஏழாண்டுக்குப் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்த்துக்கொண்டார். வழக்கமாக இதற்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டும். பையனின் உழைப்பைப் பார்த்த ரீபோ அந்தப் பணத்தை வாங்கவில்லை.

பைண்டிங்கிற்கு வந்த புத்தகங்களை ஃபாரடே தைத்து ஒட்டியதோடு விடவில்லை, வாசிக்கவும் செய்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி பைண்டிங்கிற்கு வந்தபோது, அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் இன்னொரு நாள் கைக்கு வந்தது. புத்தகம் சொல்வது உண்மைதானா என்று, கையில் இருந்த சில்லறைக்கு வாங்க முடிந்த பொருள்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். சொன்னபடியே நடந்தது. அன்று முதல் அந்த நூலாசிரியையைத் தம் முதல் ஆசானாகவே கருதினார். உலகப் புகழ் பெற்ற பிறகும் தம் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு அனுப்பி வைத்தார்.

அவருடைய படிப்பு முறையின் வேர் இங்கே இருக்கிறது. வாசித்ததைச் செய்து பார்க்காமல் அவர் நம்பவில்லை. செய்து பார்த்ததால் அது மறக்கவும் இல்லை.

மறதிக்கு அவர் கண்ட இரண்டாவது மருந்து நோட்டுப் புத்தகம். ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் அறிவை வளர்த்துக்கொள்வது பற்றி எழுதிய ஒரு நூல் அவரிடம் இருந்தது. குறிப்பேடு வைத்துக்கொள்வது, சொற்பொழிவுக்குப் போவது, நண்பர்களுடன் கடிதத்தில் விவாதிப்பது, சொல்லைப் பொருளறிந்து பயன்படுத்துவது ஆகியவை வாட்ஸின் அறிவுரைகள். பலரும் இப்படிப்பட்ட நூல்களை வாங்கி அலமாரியில் வைப்பதோடு சரி. ஃபாரடே அதைக் கால அட்டவணை போல வரிக்கு வரி பின்பற்றினார்.

1810இல் ஜான் டேட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை நேர அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். கட்டணம் ஒரு ஷில்லிங். தொழில் பழகும் பையனிடம் அந்தக் காசு ஏது? கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட் கொடுத்தார். தம்பியோ தங்கையோ படிக்கட்டும் என்று தாம் பால்வாளி தூக்கிய அண்ணன், அக்காள்மாரை அறிந்த நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இந்த ஷில்லிங்கின் கனம் தெரியும். ஃபாரடேயின் வரலாற்றை எழுதுவோர் டேவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்; இந்த அண்ணனுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

டேட்டம் வீட்டில் ஃபாரடேக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்களில் பெஞ்சமின் அபட் என்பவருக்கு 1812 ஜூலையில் எழுதிய முதல் கடிதத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. அரைப்பென்னி செப்புக் காசு ஏழு, அதே அளவில் வெட்டிய துத்தநாகத் தகடு ஏழு, இடையில் உப்புக் கரைசலில் நனைத்த தாள். மாற்றி மாற்றி அடுக்கினால் அதுவே மின்கலம். இரு வேறு உலோகங்களுக்கு இடையில் உப்பு நீர் இருந்தால் வேதிவினை நடந்து மின்சாரம் ஓடும் என்பது தத்துவம். இன்று பள்ளி அறிவியல் கண்காட்சியில் எலுமிச்சம்பழத்தில் ஆணியும் காசும் செருகிச் சின்ன விளக்கை எரிய வைக்கும் பிள்ளைகள் செய்வதும் இதுதான். சட்டைப்பையில் இருந்த காசே அன்று ஃபாரடேக்கு ஆய்வுக்கூடம்.

நான்கு நுழைவுச் சீட்டுகள்

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், வில்லியம் டான்ஸ் என்பவர், பையனின் ஆர்வத்தைக் கண்டு 1812இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்குச் சீட்டு வாங்கித் தந்தார். டேவி அக்காலத்தின் மிகப் பெரிய வேதியியலாளர். ஃபாரடே மேல்மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து, நினைவு ஆறுவதற்குள் விரிவாக எழுதினார். கருவிகளைப் படமாக வரைந்தார். படம் வரையவும் ரீபோவின் வீட்டில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரிடம் முன்பே கற்றிருந்தார். எல்லாவற்றையும் தம் கையாலேயே பைண்டிங் செய்தார். சுமார் 300 பக்கம் வந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் அந்தப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். தம் பேச்சு தம்மைவிட ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருப்பதைக் கண்ட டேவி, அவரை அழைத்துப் பேசினார். ஆனாலும் வேலை காலி இல்லை, பைண்டிங் தொழிலை விட்டுவிடாதே என்றுதான் அறிவுரை கூறினார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு நீக்கப்பட, 1813 மார்ச் 1ஆம் தேதி ஃபாரடே அந்த இடத்துக்கு வந்தார். சம்பளம் வாரம் 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறை, எரிபொருளும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

நல்ல அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம். டான்ஸ் சீட்டு தராமல் இருந்திருந்தால், உதவியாளர் சண்டை போடாமல் இருந்திருந்தால் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடையாது. கதவு திறந்தபோது காட்டுவதற்குக் கையில் ஒரு புத்தகம் இருந்தது என்பதுதான் அவர் செய்தது.

அடுத்து டேவி தம்பதியருடன் ஐரோப்பாவைச் சுற்றினார். ஆம்பியர், வோல்டா போன்றவர்களைப் பார்த்தார். ஆனால், அந்தப் பயணத்தில் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிடலாமா என்றுகூட ஃபாரடே நினைத்தார். கற்க வேண்டியது நிறைய இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபின் நண்பர் எட்வர்டு மேக்ராத்துடனும் இன்னும் சிலருடனும் வாரந்தோறும் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் உச்சரிப்பையும் மொழியையும் திருத்துவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். குழுவாகப் படித்தால் அரட்டைதான் மிஞ்சும் என்று பெற்றோர் பயப்படுவதுண்டு. இவர்கள் ஒருவர் பிழையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டார்கள். அதனால் அது படிப்பாகவே இருந்தது.

1821இல் சாரா பர்னார்டை மணந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் முதல் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. பாதரசம் நிறைந்த கிண்ணத்தில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கும் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டாகிறது. இரு புலங்களும் ஒன்றையொன்று தள்ளும்போது கம்பி நகர்கிறது. மின்விசிறி, நீர் இறைக்கும் பம்ப், சலவை இயந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் சுழலும் மோட்டாருக்கு இதுவே முன்னோடி. கம்பி சுழன்றபோது ஃபாரடே மேசையைச் சுற்றி மகிழ்ச்சியில் ஆடினார் என்றும், பிறகு தம்மைக் குதிரை வித்தை பார்க்க அழைத்துப் போனார் என்றும் உடனிருந்த மைத்துனர் ஜார்ஜ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆட்டத்துக்குப் பின் அவமானம் வந்தது. இதே திசையில் யோசித்துக்கொண்டிருந்த வொல்லஸ்டன் என்ற மூத்த அறிஞரின் பெயரைக் குறிப்பிடாமல் கட்டுரையை அவசரமாக வெளியிட்டுவிட்டார். திருடன் என்ற பேச்சு எழுந்தது. சோதனை முழுக்க ஃபாரடேயுடையதுதான். ஆனால், பெயரைக் குறிப்பிடத் தவறியது பிழையே. 1823இல் அவரை ராயல் சொசைட்டி உறுப்பினராக்க முன்மொழிந்தபோது, வளர்த்துவிட்ட டேவியே எதிர்த்தார். ஆனாலும் உறுப்பினரானார். டேவியைப் பற்றி அவர் கடைசிவரை மரியாதை குறையாமல்தான் பேசினார்.

பத்தாண்டுத் தோல்வி, ஒரு நொடி அசைவு

மின்சாரம் காந்தத்தைத் தருகிறது என்றால் காந்தமும் மின்சாரத்தைத் தர வேண்டுமே என்ற கேள்வியை 1822இலேயே நோட்டில் எழுதி வைத்தார். 1825இலும் 1828இலும் முயன்றார். பலன் இல்லை என்று ஒவ்வொரு முறையும் எழுதினார். தோற்ற சோதனையையும் தேதியோடு எழுதி வைத்தது பலருக்கு விந்தையாகப் படலாம். அவருக்கு அது அடுத்த முறை எங்கே தொடங்க வேண்டும் என்ற அடையாளம்.

1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி, சுமார் ஆறு அங்குல அகலமுள்ள இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு கம்பிச்சுருளும் மறுபக்கம் இன்னொன்றும் சுற்றினார். ஒன்றை மின்கலத்தில் இணைத்தார். மற்றதன் அருகில் காந்த ஊசி. இணைத்த கணத்தில் ஊசி துள்ளி அடங்கியது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தபோது ஊசி அசையவில்லை. இணைப்பை எடுத்த கணத்தில் மீண்டும் துள்ளியது.

இத்தனை ஆண்டுகள் எல்லாரும் தவறவிட்டது இந்தக் கணத்தைத்தான். அருகில் காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது. காந்தப்புலம் மாற வேண்டும். கூட வேண்டும் அல்லது குறைய வேண்டும். அந்த மாற்றம்தான் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அக்டோபர் 17ஆம் தேதி வளையமே இல்லாமல், காகிதக் குழாயில் சுற்றிய கம்பிச்சுருளுக்குள் ஒரு காந்தத்தைச் சட்டென்று நுழைத்தும் இழுத்தும் அதே விளைவைக் கண்டார். அக்டோபர் 28ஆம் தேதி, பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்தார். நீர் விழுந்து சுழற்றினாலும் எரிவாயு எரிந்து சுழற்றினாலும் மின் நிலையத்தில் நடப்பது அடிப்படையில் இதுவே.

விதியை மனப்பாடம் செய்யும் மாணவர், காந்தத்தின் மேல் ஓர் அட்டையை வைத்து இரும்புத் தூளைத் தூவி, மெல்லத் தட்டிப் பார்க்கலாம். தூள் வளைவு வளைவாக வரிசை கட்டும். ஃபாரடே அந்த வளைவுகளையே உண்மையாக எடுத்துக்கொண்டார். வெட்டவெளியிலும் புலக்கோடுகள் பரவியிருக்கின்றன, கம்பி அவற்றை வெட்டும்போது மின்சாரம் பிறக்கிறது என்று அவர் மனக்கண்ணில் கண்டார். கணிதம் தெரிந்த பலருக்கு அது குழந்தை விளையாட்டாகத் தோன்றியது.

கணிதம் தெரியாமலே பெரிய ஆளானார் என்று சொல்லி ஃபாரடேயைச் சில மாணவர்கள் துணைக்கு அழைப்பதுண்டு. அது பாதிக் கதை. அவர் கண்ட புலக்கோடுகளை உலகம் ஏற்றுக்கொள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லின் கணிதம் வேண்டியிருந்தது. 1857இல் மேக்ஸ்வெல் தம் கட்டுரையை அனுப்பினார். தம் கருத்தின்மேல் இவ்வளவு கணிதம் பாய்வதைக் கண்டு முதலில் பயந்தே போனதாகவும், அது தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் ஃபாரடே பதில் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில், கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதினால் தம்மைப் போன்றவர்கள் அதை வைத்துச் சோதனை செய்யலாமே என்று கேட்டுக்கொண்டார். கேட்டவருக்கு வயது 66, கேட்கப்பட்டவருக்கு 26. தெரியாததைச் சிறியவரிடம் கேட்க அவர் கூசவில்லை.

ரப்பரும் கித்தாவும்

நம் ஊர் வாசகர்கள் அதிகம் அறியாத பக்கம் ஒன்று உண்டு. 1824இல் ஹைட்ரஜன் வாயுவை அடைத்து ஆராய, இரண்டு ரப்பர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை அழுத்தி ஒட்டினார் ஃபாரடே. உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் ஊதும் ரப்பர் பலூனின் தொடக்கம் அது. 1826இல் லண்டனுக்கு வந்து சேர்ந்த ரப்பர் பாலைப் பகுத்தாய்ந்து, தூய ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதைக் கண்டார். அவர் கண்ட அளவு, இன்றைய கணக்கில் ஐந்து பங்கு கார்பனுக்கு எட்டுப் பங்கு ஹைட்ரஜன். ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததே 1877இல்தான். நம் முன்னோர் இங்கே பால் வெட்டத் தொடங்கும் பல்லாண்டுக்கு முன்பே அந்தப் பாலின் உள்ளடக்கம் அவர் நோட்டில் இருந்தது.

மலாயாக் காட்டு மரத்தின் பாலும் அவர் கைக்குப் போனது. கெத்தா பெர்ச்சா என்ற அந்தப் பிசின் 1840களில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டது. கெத்தா என்ற மலாய்ச் சொல்தான் தோட்டத்துத் தமிழர் வாயில் கித்தா ஆனது. இந்தப் பிசின் மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அருமையான காப்புப் பொருள் என்று 1848இல் ஃபாரடே எழுதினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு இதுவே உறையானது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடியில் கம்பி போட்டு 1871இல் தந்தி ஓடியபோது, அந்தக் கம்பியைச் சுற்றியிருந்ததும் இந்தக் காட்டுப் பிசின்தான்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கான சொற்பொழிவுத் தொடரை ஃபாரடே 19 முறை நடத்தினார். வேகமாகப் பேசும் பழக்கம் அவருக்கு உண்டு. அதனால் மெதுவாக என்று எழுதிய அட்டை ஒன்றை எதிரில் வைத்துக்கொள்வார். தம்மை மறந்து வேகமெடுத்தால், உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையை முன்னால் நகர்த்தி வைக்க வேண்டும்.

அவற்றில் புகழ்பெற்றது மெழுகுவர்த்தி பற்றிய ஆறு உரைகள். 1861இல் நூலாகவும் வந்தது. மெழுகு உருகி ஏன் வழிந்தோடாமல் கிண்ணம் போல நிற்கிறது? சுடரால் மேலெழும் காற்று, பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து விளிம்பைக் கெட்டியாக வைக்கிறது. உருகிய மெழுகு எப்படி மேலே ஏறுகிறது? துண்டின் ஒரு நுனி தண்ணீரில் பட்டால் முழுத் துண்டும் நனைவது போல, திரியின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் புகைக்கு அருகில் தீயைக் காட்டினால், தீ தாவித் திரியைப் பற்றும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். குளிர்ந்த பாத்திரத்தைச் சுடருக்கு மேல் பிடித்தால் நீர்த்துளி படியும். எல்லாமே சமையல்கட்டில் பெரியவர் ஒருவர் துணையுடன் பார்க்கக்கூடியவை.

இதற்கிடையில் அவருடைய மறதி முற்றிக்கொண்டே வந்தது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலைசுற்றலும் நினைவிழப்பும் அதிகமாகி, சுவிட்சர்லாந்தில் பல மாதங்கள் ஓய்வெடுத்தார். பிறகு திரும்பி வந்து 1845இல், காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புகிறது என்று கண்டார். நினைவு கைவிட்ட மனிதர் அதை எப்படிச் சாதித்தார் என்றால், விடை நோட்டில் இருக்கிறது. 1832 முதல் ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசை எண் போட்டார். இன்ன எண்ணைப் பார் என்று பழைய குறிப்புக்கு வழி காட்டினார். அந்த எண்கள் 16,000ஐத் தாண்டின. சட்டைப்பையில் எப்போதும் துண்டுத்தாள் வைத்திருந்து, தோன்றியதை உடனே குறித்தார். ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு தேடித் தோற்றதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1858இல் விக்டோரியா மகாராணியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு வழங்கினார். 1862இல் ஜெர்மானிய நண்பர் ஷோன்பைனுக்கு எழுதிய கடிதத்தில், எழுதுவதெல்லாம் பொருளற்றுப் போவதால் எழுதி எழுதிக் கிழித்துப் போடுவதாகத் தெரிவித்திருந்தார். அதன்பின் அவருக்கு அவர் எழுதவில்லை.

1867 ஆகஸ்ட் 25ஆம் தேதி, தம் படிப்பறை நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட் கல்லறையில் பெயரும் தேதிகளும் மட்டும் பொறித்த எளிய கல் இருக்கிறது. இருபது வயதில் அவர் எழுதி, தைத்து, அட்டை போட்ட டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.